உதட்டைச் சரளையில் தேய்த்த மீன்: ராஸ்லின் ஆய்வும் அது விட்டுச்சென்ற கடனும்

தொட்டியின் அடியில் சரளைக்கல். அதன்மேல் வயிறு படிய ஒரு மீன் கிடக்கிறது. மார்புத் துடுப்புகளை இரு பக்கமும் ஊன்றிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைச் சாய்த்து உதட்டைக் கல்லில் தேய்க்கிறது. அப்புறம் மறுபடி அதே ஆட்டம். இரை போட்டால் வருவதில்லை. அதன் உதட்டில் சற்று முன்புதான் நீர்த்த அசெட்டிக் அமிலம் ஊசியால் ஏற்றப்பட்டிருந்தது. சமையலறை வினிகருக்குப் புளிப்பைத் தருகிற அதே அமிலம்தான்.

இது நடந்த இடம் ஸ்காட்லாந்தில் எடின்பரோவை ஒட்டியுள்ள ராஸ்லின் ஆய்வு நிறுவனம். 1996இல் டாலி என்ற குளோனிங் ஆடு பிறந்த அதே இடம். ஆய்வு செய்தவர்கள் மூவர்: லின் ஸ்னெடன், விக்டோரியா பிரைத்வெயிட், மைக்கேல் ஜென்டில். 2003 ஏப்ரல் கடைசியில் முடிவுகள் வெளியானதும் பிரிட்டிஷ் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியானது. 'மீனுக்கு வலிக்கும்' என்று ஒரு வரியில் எழுதினார்கள். தூண்டில்காரர்கள் கொதித்தார்கள், விலங்குரிமைக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆய்வுக்கட்டுரையின் தலைப்பு கேட்டதோ அதைவிடச் சின்னக் கேள்வி: மீன்களுக்கு நோசிசெப்டர்கள் இருக்கின்றனவா?

இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். சூடான தோசைக்கல்லில் கை பட்டதும் இழுத்துக்கொள்கிறோம். வலி தெரிவதற்கு முன்பே கை வந்துவிடுகிறது. உடம்புக்குக் கேடு வருவதைக் கண்டுபிடித்துச் சேதி அனுப்பும் நரம்பு முனைதான் நோசிசெப்டர். தமிழில் 'ஊறு' என்றால் தொடுவுணர்வு, காயம் என்று இரண்டு பொருளும் உண்டு என்பதால் இதை ஊறுணரி என்று சொல்லலாம். ஊறுணரி வேலை செய்வது வேறு, 'ஐயோ' என்று உள்ளே ஒன்று தவிப்பது வேறு. முன்னதற்கு மூளையின் உயர்ந்த பகுதிகள் தேவையில்லை, தண்டுவடமே போதும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இருபது வருடச் சண்டை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நரம்பில் தொடங்கிய வேலை

ஜென்டில் அதற்கு முன் பல வருடங்கள் கோழிகளின் வலியை ஆராய்ந்தவர். பண்ணைக் கோழிகளின் அலகு நுனியை வெட்டிவிடுகிறார்களே, அது நகம் வெட்டுவது போன்றதா, விரலை வெட்டுவது போன்றதா என்பதை நரம்பை வைத்தே விசாரித்தவர்களில் ஒருவர். மீனுக்கும் அதே வழியைப் பிடித்தார்கள்.

எடுத்துக்கொண்டது வானவில் டிரவுட். நமக்கு முற்றிலும் அந்நியமான மீன் இல்லை. நீலகிரியில் அவலாஞ்சியில் 1907இலேயே ஆங்கிலேயர்கள் டிரவுட் குஞ்சுப் பொரிப்பகம் கட்டிவிட்டார்கள், தூண்டில் போட்டு விளையாடத்தான். பிரிட்டனில் அது பண்ணைமீன், விளையாட்டுமீன் இரண்டும். அதன் முகத்திலிருந்து மூளைக்குப் போகும் முப்பெரு நரம்பைத்தான் முதலில் சோதித்தார்கள். நமக்குப் பல்வலியைக் கொண்டுவருவதும் இந்த நரம்பே. ஆழ்ந்த மயக்கத்தில் இருந்த மீனின் தலையில் ஒவ்வொரு புள்ளியாக அழுத்தம், சூடு, அமிலம் மூன்றையும் கொடுத்து, நரம்புக் கணுவில் மின்முனை வைத்துக் கேட்டார்கள். அந்த மீன்கள் மயக்கத்திலிருந்து திரும்ப எழுப்பப்படவில்லை.

ஏதோ ஒரு தூண்டலுக்காவது பதில் சொன்ன ஏற்பிகள், அதாவது தூண்டலை உணரும் நரம்பு முனைகள், 58. அவற்றில் 22 ஊறுணரிகள். அந்த 22இல் 18 அழுத்தம், சூடு, அமிலம் என மூன்றுக்கும் பதில் தந்தன. பாலூட்டிகளில் காணப்படும் பன்முக ஊறுணரிகளின் குணம் இது. மீனில் முதல்முறையாக இப்போதுதான் பதிவானது.

ஒரு வித்தியாசமும் இருந்தது. மறுப்பாளர்கள் பின்னால் பிடித்துக்கொண்டது அதைத்தான். பாலூட்டிகளின் நரம்புகளில் சி இழைகள் எனப்படும் மெல்லிய, மெதுவான இழைகள் பாதிக்கு மேல் இருக்கும். இடித்துக்கொண்ட பிறகு விண் விண் என்று நீடிக்கிற வலிக்கு அவையே பொறுப்பு. டிரவுட்டின் முகநரம்பில் அவை சுமார் 4 விழுக்காடுதான். சட்டென்று குத்துகிற வலியைக் கொண்டுபோகும் சற்றே வேகமான ஏ-டெல்டா இழைகள்தான் அதிகம்.

ஊசி, உப்புநீர், சும்மா தூக்கி விடப்பட்ட மீன்

நரம்பு இருக்கிறது, சரி. மீன் என்ன செய்கிறது? இரண்டாம் கட்டத்தில் விழித்திருக்கும் மீன்களைப் பார்த்தார்கள். லேசான மயக்கம் கொடுத்து, சிலவற்றின் உதட்டில் தேனீ விஷம், சிலவற்றுக்கு அமிலம், சிலவற்றுக்கு வெறும் உப்புநீர். நான்காவது கூட்டத்துக்கு ஊசியே இல்லை. மயக்கிக் கையில் எடுத்து, மற்ற மீன்களைப் போலவே கையாண்டு, திரும்ப விட்டார்கள்.

இந்தக் கடைசி இரண்டு கூட்டங்கள் இல்லாவிட்டால் ஆய்வுக்கு மதிப்பே இல்லை. மீனைத் தண்ணீருக்கு வெளியே எடுப்பதே அதற்குப் பெரிய கலவரம். ஊசி குத்துவது இன்னொன்று. இந்த இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ அதுதான் அமிலத்தின் வேலை.

மிஞ்சியது கணிசமாகவே இருந்தது. ஓய்வில் இருக்கும் டிரவுட்டின் செவுள்மூடி நிமிடத்துக்கு சுமார் 50 முறை அடிக்கும். உப்புநீர் மீன்களுக்கும் ஊசி போடாத மீன்களுக்கும் அது 70 பக்கம் ஏறியது. அமில, விஷ மீன்களுக்கு 90ஐத் தாண்டியது. முழுவேகத்தில் நீந்தும் மீனின் மூச்சுக்கு அது சமம். உப்புநீர் மீன்கள் சுமார் 80 நிமிடத்தில் இரைக்குத் திரும்பின. மற்றவற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணிநேரம் ஆனது. ஆடுவது அமில, விஷ மீன்களிடம் மட்டுமே தெரிந்தது. உதட்டைக் கல்லிலும் தொட்டிச் சுவரிலும் தேய்த்தவை அமில மீன்கள்.

தேய்ப்பதைப் படித்ததும் நம் மனம் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கதவில் இடித்த முழங்கையை நாம் தேய்ப்பது நினைவுக்கு வருகிறது. ஆனால் எனக்கு இந்த ஆய்வின் பலவீனமான சாட்சி தேய்ப்பதுதான். அரிப்பும் தேய்க்க வைக்கும், ஒட்டியதை உதறவும் தேய்க்கலாம். தன்னைப் போலவே செய்கிறது என்பதற்காக ஒன்றை நம்புகிறவன், தன்னைப் போலச் செய்யாததை நம்பாமல் விட்டுவிடுவான். 2008இல் ஸ்னெடனின் குழுவே இதைக் காட்டியது. கெண்டை இனமான கார்ப், டிரவுட், வரிக்குதிரை மீன் மூன்றுக்கும் இதே சோதனையைச் செய்தபோது கார்ப் தேய்த்தது, ஆடியது. வரிக்குதிரை மீன் இரண்டும் செய்யவில்லை. நீந்துவதைக் குறைத்துக்கொண்டு வேகமாக மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். தேய்க்காத மீனுக்கு வலிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்?

சிவப்புக் கோபுரம்

எடை மிகுந்த சாட்சி அதே 2003இல் வெளியான அடுத்த இரண்டு ஆய்வுகளில் இருக்கிறது. செய்தித்தாள்கள் இவற்றை அதிகம் கண்டுகொள்ளவில்லை.

முதலாவது எளிமையானது. அமிலம் ஏற்றிய மீனுக்கு மார்ஃபின் என்ற வலிநீக்கியைக் கொடுத்தால் ஆட்டமும் தேய்ப்பும் குறைந்தன, மூச்சும் தணிந்தது. இதற்கு உடனே ஒரு பதில் சொல்லிவிடலாம்: மார்ஃபின் மயக்கும் மருந்து, மந்தமான மீன் எதையும் குறைவாகத்தான் செய்யும்.

இரண்டாவது ஆய்வு அந்தப் பதிலுக்குக் குறுக்கே போய் நிற்கிறது. டிரவுட்டுக்குப் புதிய பொருள் என்றால் பயம். தொட்டிக்குள் லெகோ கட்டைகளால் ஆன சிவப்புக் கோபுரம் ஒன்றை இறக்கினார்கள். உப்புநீர் மீன்கள் அதைக் கண்டு ஒதுங்கியே இருந்தன. அமில மீன்கள் ஒதுங்கவில்லை, கோபுரத்தின் பக்கத்திலேயே நேரம் கழித்தன. இயல்பான எச்சரிக்கையை மறந்துவிட்டன, அல்லது எச்சரிக்கைக்குக் கொடுக்க வேண்டிய கவனம் வேறெங்கோ போய்விட்டது. அமிலத்தோடு மார்ஃபினும் பெற்ற மீன்கள்? அவை மறுபடி கோபுரத்தைக் கண்டு ஒதுங்கின.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். மார்ஃபின் வெறுமனே மந்தமாக்கியிருந்தால் மீனின் பயம் இன்னும் குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. மருந்து பெற்ற மீன் அதிக உஷாரானது. பல்வலியோடு பரீட்சை எழுதப் போனவனுக்கு மாத்திரை கொடுத்ததும் கேள்வித்தாள் கண்ணுக்குத் தெரிவது போல. வெறும் அனிச்சைச் செயல் கவனத்தைத் தின்னாது. ஒரு தொல்லை மூளையில் இடம் பிடித்து மற்ற வேலையைக் கெடுக்கிறது, தொல்லையை எடுத்தால் வேலை திரும்புகிறது என்றால், அதற்கு வலி என்பதைத் தவிர வேறு பெயர் வைப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

வாய் பேசாத உயிரிடம் வலியைக் கேட்க மனிதர்கள் கண்டுபிடித்த உருப்படியான வழி இது ஒன்றுதான்: நிவாரணம் கொடுத்துப் பார், என்ன மாறுகிறது என்று கவனி. கைக்குழந்தைகளிடமும் இப்படித்தான் கேட்டார்கள். 1980களின் நடுப்பகுதி வரை மேலைநாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் மிக லேசான மயக்கமும் மட்டும் தந்து அறுவை சிகிச்சை செய்வது சாதாரணம். நரம்பு முற்றவில்லை, வலி தெரியாது, நினைவும் இருக்காது என்பது வாதம். இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்ஃபோர்டு போன கன்வல்ஜீத் ஆனந்த், 1987இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், இதய அருகுக் குழாய் ஒன்றை அடைக்கும் அறுவையின்போது சில குறைமாதக் குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலிநீக்கியையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அது கிடைத்த குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. குழந்தைகளும் எதையும் சொல்லவில்லை. மருந்து சொன்னது.

ஸ்னெடன் பின்னால் வரிக்குதிரை மீன்களிடம் இன்னும் நேரடியாகவே கேட்டார். இரண்டு அறைகள்: ஒன்றில் செடி, கல் என்று மீனுக்குப் பிடித்த ஏற்பாடு, மற்றது வெறும் மொட்டைத் தொட்டி. சும்மா விட்டால் மீன் முதல் அறைக்குத்தான் போகும். அமிலம் ஏற்றினாலும் அங்கேதான் போகும். மொட்டை அறையின் நீரில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்தைக் கரைத்ததும், அமிலம் ஏற்றிய மீன்கள் பிடித்த அறையை விட்டுவிட்டு மொட்டை அறைக்கு வந்தன. நிவாரணத்துக்கு ஒரு விலை கொடுத்தன.

மறுப்பாளர்கள்

எதிர்ப்பில் இரண்டு வகை. ஒன்று சத்தம். தூண்டில் போட்டு விட்ட மீன் மறுநாள் அதே தூண்டிலில் மாட்டுகிறதே, வலித்தால் வருமா என்பது மாதிரி. பசித்தவன் கை சுட்ட பிறகும் அடுப்பிலிருந்து அள்ளித் தின்பான். அதோடு அதை விட்டுவிடலாம்.

மற்றது சத்தில்லாதது என்று தள்ளிவிட முடியாதது. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் ரோஸ், ராஸ்லின் ஆய்வுக்கு முந்தைய வருடமே, 2002இல், ஒரு நீண்ட கட்டுரையில் சொல்லியிருந்தார்: மனிதனுக்கு வலி 'வலிப்பது' பெருமூளைப் புறணியில், மீனுக்கு அந்தப் புறணியே இல்லை, ஆகவே வலி இல்லை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்து பிரையன் கீ பின்னால் இதே வாதத்தை நரம்பமைப்பின் நுணுக்கங்களோடு வளர்த்தார். 2014இல் ரோஸும் வேறு ஆறு பேரும் சேர்ந்து ஸ்னெடன் வகை ஆய்வுகளை வரிவரியாகக் குடைந்தார்கள். மீன்களின் எண்ணிக்கை குறைவு, சிறு மீனின் உதட்டில் ஏற்றிய திரவம் அதிகம், மார்ஃபின் அளவு மிக அதிகம், இவ்வளவும் செய்தும் மூன்று மணிநேரத்தில் மீன் சாப்பிட வந்துவிட்டதே என்றெல்லாம்.

இவற்றில் அளவு பற்றியவை நியாயமான கேள்விகள். அதைவிடக் கூர்மையானது நியூபி, ஸ்டீவன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டது. டிரவுட்டில் அமிலச் சோதனையைத் திரும்பச் செய்தபோது ஆட்டமும் தேய்ப்பும் அவர்களுக்குத் தெரியவில்லை. மீன்கள் இரையையும் அப்படி மறுக்கவில்லை. அமிலத்தின் வீரியத்தைக் கூட்டியபோது மீன்கள் நிலைகுலைந்தன. ராஸ்லினில் கண்ட ஆட்டமே சமநிலை தவறியதாக இருக்கலாமே என்ற சந்தேகம் இதிலிருந்து வருகிறது. மீனை அடைத்து வைத்திருந்த விதம் வேறு, பயந்துபோன மீன் வலியைக் காட்டாது என்பது ஸ்னெடன் தரப்பின் பதில். போர்க்களத்தில் வெட்டுப்பட்டது வீட்டுக்கு வந்த பிறகு தெரிவது போல என்று வைத்துக்கொள்ளலாம். பதில் பொருந்துகிறது. ஆனால் எந்த முடிவு வந்தாலும் பொருந்துகிற பதில் என்ற குறை அதற்கு உண்டு.

புறணி வாதம் எனக்கு ஒட்டவில்லை. பறவைகளுக்கும் நம்முடையதைப் போன்ற அடுக்குப் புறணி கிடையாது. கோழிக்கு வலிக்காது என்று அதை வைத்து இன்று எவரும் வாதாடுவதில்லை. ஒரு வேலையை ஒரு உறுப்புதான் செய்யும் என்றால், செவுளைக் காணாதவன் மீன் மூச்சே விடவில்லை என்று சொல்லலாம்.

அதனால் 2003 ஆய்வுகள் எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டன என்பதில்லை. 'இல்லை' என்று சொல்கிறவர் சும்மா இருந்தாலே ஜெயித்த காலம் முடிந்தது, அவரும் ஆதாரம் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, சொல்ல முடியாததாலேயே மனிதனுக்கோ வேறு விலங்குக்கோ வலி இல்லை என்றாகிவிடாது என்று குறிப்பில் சேர்த்தது.

ஐந்தாம் நாள்

இந்த ஆய்வில் ஒரு முடிச்சு இருக்கிறது. மீனுக்கு வலிக்கிறதா என்று அறிய மீனுக்கு வலி கொடுக்க வேண்டியிருந்தது. விடை 'ஆம்' என்றால் செய்தது கொடுமை. விடை 'இல்லை' என்றால்தான் செய்தவர் கை சுத்தம். விடை தெரியும்வரை எது என்று தெரியாது.

சட்டம் இதில் விஞ்ஞானத்துக்கு முன்னால் போயிருந்தது. பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு விலங்குச் சோதனைச் சட்டம் முதுகெலும்புள்ள எல்லாவற்றையும் சேர்த்தே பாதுகாக்கிறது, மீன் உள்பட. ஆகவே அங்கே டிரவுட்டின் உதட்டில் ஊசி குத்த உரிமம் வேண்டும், நோக்கத்தையும் வலியின் அளவையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே உதட்டில் தூண்டில் முள்ளை ஏற்ற இதெல்லாம் தேவையில்லை. 2006இல் வந்த விலங்கு நலச் சட்டங்கள் மீன்பிடிப்பின் வழக்கமான செயல்களுக்கு வெளிப்படையாகவே விலக்கு தருகின்றன. ஒரே உதடு, இரண்டு சட்டம்.

அப்புறம், மார்ஃபின் வேலை செய்கிறது என்று காட்டியதும் ஆய்வாளருக்கு ஒரு கடன் வந்து சேர்ந்தது. இனி மீனை அறுக்கும் எந்த ஆய்வகமும் வலிநீக்கி ஏன் தரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். எதைத் தருவது? 2011இல் ஸ்னெடன் குழு டிரவுட்டில் மூன்று மருந்துகளை ஒப்பிட்டபோது லிடோகெயின் நன்றாக வேலை செய்தது, பாலூட்டிகளுக்குப் பெரிதும் பயன்படும் புப்ரினார்ஃபின் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இதைக் கண்டுபிடிக்கவும் சில மீன்களுக்கு அமிலம் மட்டும், மருந்து இல்லாமல், கொடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. நிவாரணம் தேடும் ஆய்வில் நிவாரணம் கிடைக்காத கூட்டம் ஒன்று எப்போதும் உண்டு.

கடன் இப்போது வரிக்குதிரை மீனின் தலையில். கங்கைச் சமவெளியின் வாய்க்கால்களிலும் வயல்நீரிலும் திரிகிற விரல்நீளம்கூட இல்லாத மீன். கொளத்தூர் கடைகளில் ஜீப்ரா டேனியோ என்று கேட்டால் பாலித்தீன் பையில் கட்டித் தருவார்கள். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் 1970களில் இதை ஆய்வகத்துக்குள் கொண்டுபோனார். முட்டை கண்ணாடி மாதிரித் தெளிவு, ஒரு ஜோடி ஒரே வேளையில் நூறுக்கு மேல் முட்டையிடும். மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இதனிடம் இணை இருப்பதாக 2013இல் தெரியவந்தது. புதிய வலிமாத்திரை தேடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? சிறு குழிகள் கொண்ட தட்டில் குழிக்கு ஒரு குஞ்சு, மேலே கேமரா, கீழே கணினி. அமிலம் கலந்தால் குஞ்சு நீந்துவதைக் குறைக்கும். நீரில் ஆஸ்பிரினோ லிடோகெயினோ மார்ஃபினோ கலந்திருந்தால் அப்படிக் குறைக்காது. லிவர்பூலில் ஸ்னெடன் குழு 2017இல் இதைக் காட்டியது. வளர்ந்த மீன்களுக்குப் பதிலாக இந்தக் குஞ்சுகளைப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் பரிந்துரை.

அந்தக் குஞ்சுகளின் வயது ஐந்து நாள். அந்த வயதுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறையின்படி தானே இரை தேடித் தின்னத் தொடங்கும் கட்டத்திலிருந்துதான் மீன்குஞ்சு பாதுகாக்கப்பட்ட விலங்கு. வரிக்குதிரை மீனுக்கு அது கருவுற்றதிலிருந்து 120 மணிநேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், பிரிட்டனிலும் அப்படித்தான். அதுவரை மஞ்சள்கருப் பையே சோறு.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்குக் கருவுற்ற முட்டை சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சட்டத்தின் கண்ணில் விலங்காகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அமிலம் கலந்த நீரில் அது நீந்துவதைக் குறைத்தால் அதை எண்ணிக் குறித்துக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை.